சைவத்துக்கு மாறுறதா, ஊர்ச்சாப்பாட்டுக்கு மாறுறதா? வன்னி வீடுகளுக்கு நாலு வழி

மச்சத்தைக் குறைக்கவேணும், எங்கட மண்ணில விளையிறதைக் கூடச் சாப்பிடவேணும் எண்டு யோசிக்கிற வீடுகள் இப்ப வன்னியில கனக்க. சிலருக்கு கிளினிக்கில சொன்ன கொலஸ்ரோலும் சீனியும் காரணம், சிலருக்கு வெள்ளிக்கிழமைச் சைவத்தை மற்ற நாளுக்கும் நீட்டுவம் எண்ட மனசு, இன்னும் சிலருக்கு 2022 இல பெற்றோலுக்கும் காஸுக்கும் லைனில நிண்ட நேரம் வந்த யோசினை, லொறி ஓடாட்டி எங்கட சட்டிக்குள்ள என்ன கிடக்கும் எண்டு. காரணம் எதுவா இருந்தாலும் தொடங்கின உடன எல்லாரும் ஒரே இடத்திலதான் தடக்குப்படுகினம். சைவம் வேற, ஊர்ச்சாப்பாடு வேற, ரெண்டும் எப்பவும் ஒண்டாப் போறதில்லை.

ஒரு வீட்டில மத்தியானம் மைசூர் பருப்புக்கறி, சோயாமீற் பிரட்டல், லீக்ஸ் வறை, கரட் சம்பல். சுத்த சைவம், ஆனா அரிசியையும் தேங்காயையும் விட்டா கோப்பையில கிடக்கிற ஒண்டும் வன்னியில விளைஞ்சதில்லை. பக்கத்து வீட்டில மொட்டைக்கறுப்பன் சோறு, முருங்கை இலை வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, வவுனிக்குளத்தில விடியப்புறம் பிடிச்ச ஜப்பான் மீன் (திலாப்பியா) ஒரு துண்டு. எல்லாம் ஊர், ஆனா சைவமில்லை. இதில ஆர் சரியாச் செய்யினம் எண்டு கேட்டா ஒரு சொல்லில பதில் சொல்லேலாது, வீட்டுக்கு வீடு மாறும்.

என்ர முடிவை முதலே சொல்லிப்போட்டு மற்றதுக்குப் போறன். மீனை விடுறதா வேண்டாமா எண்டதில தொடங்காதேங்கோ, பருப்பில தொடங்குங்கோ. கடையில வாங்கிற மைசூர் பருப்பில பாதியைப் பயறுக்கும் கௌபிக்கும் உளுந்துக்கும் கச்சானுக்கும் மாத்தின வீட்டில மிச்ச மாற்றம் கனக்கக் கஷ்டப்படாம வருது. மீனை மட்டும் நிப்பாட்டிப்போட்டு அந்த இடத்துக்கு ஒண்டும் வைக்காத வீடு கொஞ்ச நாளில பழையபடி மீனுக்கே போகுது, பிள்ளையள் கோப்பையைத் தள்ளி வைக்கேக்க தாய் என்ன செய்யிறது.

## எதை வைச்சு நிறுக்கிறது

முதலாவது காசு, ஆனா ஒரு கிலோ என்ன விலை எண்ட கணக்கில்லை, மாசம் முடிய கையில என்ன மிஞ்சுது எண்ட கணக்கு. ரெண்டாவது நேரம், அதையும் விட ஆற்ற நேரம் எண்டது. எங்கட வீடுகளில சமையலை மாத்துறது எண்டா அனேகமா ஒரு பொம்பிளையின்ர காலமையை மாத்துறது, அதுவும் வயலுக்கோ கந்தோருக்கோ காமென்ற்ஸுக்கோ போற பொம்பிளை எண்டா கீரை ஆயிறதுக்கும் கௌபி அவிக்கிறதுக்கும் அவவிட்ட நேரம் இருக்கோ எண்டு கேக்காம ஆரும் முடிவெடுக்கக்கூடாது. மூண்டாவது உடம்பு: புரதம், இரும்புச்சத்து, வைட்டமின் பி12. நாலாவது தண்ணியும் காலமும், ஏனெண்டா மார்கழியில கிடைக்கிறது ஆவணியில கிடையாது. கடைசியா, குடுக்கிற காசு ஆற்ற கைக்குப் போகுது எண்டது.

தூரத்தை ஏன் தனியா வைக்கேல்லை எண்டு கேப்பியள். சூழலுக்கு எண்டு பாத்தா, சாப்பாடு எவ்வளவு தூரம் வந்தது எண்டதைவிட அது என்ன சாப்பாடு எண்டதுதான் பெரிசு. கனடாவிலயும் அவுஸ்திரேலியாவிலயும் விளைஞ்ச மைசூர் பருப்பு கப்பலில வந்தாலும், அதே அளவு புரதத்துக்கு மாட்டிறைச்சியால வாற கேட்டைவிட அதால வாறது சரியான குறைவு. அப்ப ஊர்ச்சாப்பாட்டுக்கு என்ன நியாயம் எண்டா, விலையும் கையும்தான். 2020 இல அரசாங்கம் இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தேக்க உளுந்தும் மஞ்சளும் என்ன விலைக்குப் போனது எண்டு வடை சுட்ட எல்லாருக்கும் தெரியும். அந்த நேரம் வவுனியாப் பக்கம் மேட்டுக்காணியில உளுந்து போட்டிருந்த வீடுகளுக்கு அந்த அடி விழேல்லை. அடுத்த வருசம் 2021 இல ரசாயன உரத்தை ஒரேயடியா நிப்பாட்டி நெல்லு விளைச்சல் விழுந்தது, பிறகு 2022. மூண்டு வருசத்துக்குள்ள மூண்டு அடி. ஊரில விளையிறதை வாங்கிற பழக்கம் இருந்தா இப்பிடியான நேரம் பிடிச்சு நிக்க ஒரு கொப்பு இருக்கும், நான் அதை வலுவா நம்புறன்.

## வழி 1: கடைச்சைவம்

அதாவது மைசூர் பருப்பு, சோயாமீற், கடலை, தம்புள்ளையால வாற கரட், கோவா, போஞ்சி, பீற்றூட்.

இதைக் கீழாப் பேசிற ஆக்களோட எனக்கு உடன்பாடில்லை. மைசூர் பருப்பு ஊறவைக்கத் தேவையில்லை, இருவது நிமிசத்தில அவிஞ்சிடும், மற்றப் பருப்புகளோட பாத்தா மலிவு, நூறு கிராமில 25 கிராமுக்குக் கிட்டப் புரதம். விடிய ஆறு மணி பஸ்ஸுக்குப் பிள்ளைக்குச் சாப்பாடு கட்டுற தாய்க்கு அந்த இருவது நிமிசம் பெரிய விசயம். சோயாமீற் எண்டது எண்ணெய் எடுத்த சோயா மாவில செய்யிறது, உலர்ந்த நிறையில கிட்டத்தட்டப் பாதி புரதம், வைச்சா மாசக்கணக்கா இருக்கும்.

மறைஞ்சு கிடக்கிற செலவு வேற இடத்தில. சோயாமீற் பைக்கற்றுக்குள்ள வாற அந்தச் சின்ன மசாலாப் பையில உப்புத்தான் கூட, பிரசர் இருக்கிற வீட்டில அதை எறிஞ்சுபோட்டு, சுடுதண்ணியில ஊறப்போட்டு ரெண்டு தரம் பிழிஞ்சு எங்கட தூளில சமைக்கிறதுதான் சரி. மலைநாட்டு மரக்கறி நுவரெலியாவில பிடுங்கி தம்புள்ளைக்கு வந்து பிறகு ஏ9 ஏறி இஞ்ச வந்து சேரேக்க கோவாவின்ர வெளி இலை வாடிப் போயிருக்கும், அதை உரிச்சு எறிஞ்சுபோட்டு மிச்சத்துக்குத்தான் நாங்கள் முழுக் காசும் குடுக்கிறம். அங்க மழை கூடினாலோ மண் சரிஞ்சாலோ இஞ்ச ஒரே நாளில விலை ஏறும். மற்றது, கடைச்சைவம் எண்டு தொடங்கிற வீடு மெல்ல மெல்லப் பாணுக்கும் பருப்புக்கும், கொத்துரொட்டிக்கும், பால்மாத் தேத்தண்ணிக்கும் போய் நிக்குது. கோதுமை மா, பருப்பு, பால்மா மூண்டும் கப்பலில வாறது. சைவம் எண்ட பேர் இருக்கு, ஆனா உடம்புக்கும் பெரிசா நன்மையில்லை ஊருக்கும் இல்லை.

வவுனியா டவுனில வாடகை வீட்டில இருக்கிற ஆக்கள், போர்டிங்கில இருந்து படிக்கிற பிள்ளையள், யாழ்ப்பாணத்தில இருந்து நாளாந்தம் வந்து போற உத்தியோகத்தர் இவைக்கு இந்த வழிதான் தோது. அவை செய்யவேண்டியது ஒண்டே ஒண்டு, நாளுக்கு ஒரு ஊர்க்கீரை சேர்க்கிறது. வெளியில சாப்பிடுற நாளில வட மாகாணத்தில இருக்கிற அம்மாச்சி உணவகம் ஒண்டு கிட்ட இருந்தா அங்க போங்கோ, பொம்பிளையள் குழுவா நடத்திறது, சைவம், குரக்கன் பிட்டு, உளுத்தங்கஞ்சி மாதிரி எங்கட சாப்பாடு கண்ணுக்கு முன்னால செய்து தருவினம்.

## வழி 2: வளவுச்சைவம்

வன்னியில யாழ்ப்பாணத்தைவிடக் காணி தாராளம், அரை ஏக்கர் வளவு எண்டது பெரிய விசயமில்லை. அதால வீட்டுத்தோட்டம் போட்டா எல்லாம் சரி எண்டு லேசாச் சொல்லிப்போடுவினம். சரிதான், ஆனா எது வரும் எது வராது எண்டதில தெளிவு வேணும்.

வாறது இவ்வளவும்: முருங்கை, அகத்தி, பப்பாசி, வாழை, மரவள்ளி, கத்தரி, வெண்டி, பயற்றங்காய், பூசணி, கிணத்துத் தண்ணி ஓடுற வாய்க்கால் கரையில பொன்னாங்காணியும் வல்லாரையும். மழை தொடங்கினா வேலியிலயே முசுட்டையும் முல்லையும் குறிஞ்சாவும் ஏறும். ஐப்பசியில இருந்து தை மட்டும் கீரைக்குக் காசு குடுக்கத் தேவையே இல்லை. முசுட்டை இலையைச் சின்னனா அரிஞ்சு, தேங்காய்ப்பூவும் சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு, தண்ணி விடாம அந்த ஈரத்திலயே வதக்கி, இறக்கின பிறகு தேசிக்காய் பிழிஞ்சு பாருங்கோ, அந்த வறையும் சோறும் இருந்தா வேற கறி தேடாது. தேசிக்காய் ருசிக்கு மட்டுமில்லை, கீரையில இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எடுக்கிறதுக்கு அந்தப் புளி உதவுது. சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிச்சா அந்த நன்மை குறைஞ்சுபோம், ஒரு மணித்தியாலம் விட்டுக் குடிக்கலாம்.

வராதது பருப்பு. கால் ஏக்கரில மரக்கறி போட்டா கறிக்குக் காணும், ஆனா நாலஞ்சு பேருக்கு வருசம் முழுக்கத் தேவையான பயறும் உளுந்தும் அதில எடுக்கேலாது. வளவை நம்பி மீனை விட்ட வீடுகளில சோறும் கீரையும் மட்டும்தான் மிஞ்சுது, வேலைக்குப் போற உடம்புக்கு அது காணாது.

மறைஞ்ச செலவுக்கு வருவம், வன்னியில இதுதான் பெரிசு. குரங்கு, மயில், கட்டாக்காலி மாடு, இரவில பண்டி, ஒட்டுசுட்டான் நெடுங்கேணிக் காட்டோரம் எண்டா யானை. வேலி சரியா அடைக்காட்டி மூண்டு மாச உழைப்பு ஒரு இரவில போம், அதனால விதைக்கிற செலவைவிட வேலிக்குப் போற செலவு கூட. அடுத்தது தண்ணி. சோளகக் காத்து தொடங்கினா ஆனி, ஆடி, ஆவணி மூண்டு மாசமும் நிலம் வறண்டு கிணறு கீழ போயிடும், மோட்டர் ஓடுற கரண்ட் பில்லைக் கணக்கில சேர்த்தா வீட்டு வெண்டிக்காய் சந்தை வெண்டிக்காயைவிட விலை கூடின மாதிரி வரும். அந்த மாசங்களில முருங்கையையும் வாழையையும் உயிரோட வைச்சிருந்தாலே போதும், மிச்சத்தை மழைக்கு விடுங்கோ.

காட்டுக்கீரை, பாலைப்பழம், வீரைப்பழம் எண்டு காட்டுக்குள்ள போற ஆக்களுக்கு ஒரு சொல்லு. கண்ணிவெடி எடுத்து முடிஞ்சுது எண்டு உறுதியாத் தெரியாத இடத்துக்குள்ள கால் வைக்காதேங்கோ, வன்னியில இன்னும் சிவப்புப் பலகை நிக்கிற இடங்கள் இருக்கு. மரவள்ளி புதுசாக் கிண்டினதா எடுத்து, மூடாம நல்லா அவிச்சு, அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டுச் சாப்பிடுங்கோ, நீலம் பாஞ்சதும் கைச்சதும் வேண்டாம்.

ஆருக்கு இது சரி எண்டா, வீட்டில பகலில ஒரு ஆள் நிக்கிற குடும்பத்துக்கு, கோடையிலயும் வத்தாத கிணறு இருக்கிற வீட்டுக்கு, ஆச்சி அப்பு இருக்கிற வீட்டுக்கு. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீடு முருங்கை ரெண்டு, பப்பாசி மூண்டு, கறிவேப்பிலை ஒண்டு வைச்சாக் காணும்.

## வழி 3: ஊரில வாங்கிற சைவம்

என்ர மனசு நிக்கிற வழி இது, அதால இதின்ர குறையையும் கூடச் சொல்லவேணும்.

இதில அரிசியும் மரக்கறியும் பெரிய பிரச்சினையில்லை. பூநகரி மொட்டைக்கறுப்பனோ ஆட்டக்காரியோ ஊர் மில்லில தவிடு முழுக்கப் போகாமக் குத்தி எடுக்கலாம். மரக்கறிக்கு விடியச் சந்தைக்குப் போனா வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், பிளாஸ்ரிக் பெட்டியில அடுக்கி லொறியால இறக்கினது ஒரு பக்கம், உரப்பையில கட்டி மோட்டச்சைக்கிளின்ர பின்னுக்கு வைச்சுக் கொண்டு வந்தது மற்றப் பக்கம். ரெண்டாவது பக்கம் நிக்கிற ஆக்களோட கதைச்சு வைச்சிருங்கோ. கொஞ்ச நாளில அவையே சொல்லுவினம், அண்ணை அடுத்த கிழமை பூசணி வெட்டுறம், அக்கா இந்தமுறை பாகல் வேண்டாம் போன கிழமைதான் மருந்தடிச்சது எண்டு. அந்தக் கடைசிக் கதை முக்கியம். ஊர் மரக்கறி எண்டா மருந்தடிக்காத மரக்கறி எண்டு ஆரும் நினைக்கக்கூடாது, கத்தரியும் பயற்றங்காயும் பாகலும் கனக்க மருந்து காணுற பயிர், எங்க விளைஞ்சாலும். ஆளைத் தெரிஞ்சா கேக்கலாம், அவ்வளவுதான் இதில இருக்கிற நன்மை, ஆனா அது சின்ன நன்மையில்லை.

இனிப் பருப்பு. வவுனியாவில காலபோக மழைக்கு மேட்டுக்காணியில உளுந்து போடுவினம், தை மாசிக்குப் பிடுங்குவினம். நெல்லு வெட்டின வயலில மிச்ச ஈரத்துக்குப் பயறு எறிவினம், ரெண்டு மாசம் கொஞ்சம் மேல போகக் காய் முத்தும். கௌபியும் எள்ளும் அப்பிடித்தான். கிளிநொச்சி முல்லைத்தீவுப் பக்கம் கச்சான், முறிகண்டிப் பிள்ளையாரடியில பஸ் நிக்கேக்க எல்லாரும் வாங்கிக் கொறிக்கிற அதே கச்சான், அதை நாங்கள் பயணத்துக் கொறியலா மட்டும் பாக்கிறம், அதில நூறு கிராமுக்கு 25 கிராம் புரதம் இருக்கு. இரணைமடுவில தண்ணி குறைஞ்ச வருசம் சிறுபோகத்துக்கு எல்லாக் காணிக்கும் தண்ணி குடுக்கேலாது, அந்த நேரம் நெல்லைவிடச் சரியான குறைஞ்ச தண்ணியில பயறும் கச்சானும் வரும். விக்கும் எண்டு நம்பிக்கை இருந்தாத்தான் கமக்காரன் அதைப் போடுவார். அதால நாங்கள் பயறு வாங்கிற பழக்கம் எங்கட குளத்துத் தண்ணியோடயும் சம்பந்தப்பட்டது.

குறை என்னெண்டா விலை. பயறு, கௌபி, உளுந்து மூண்டும் மைசூர் பருப்பைவிட விலை கூட, அனேகமா ரெண்டு மடங்குக்குக் கிட்ட, சிலநேரம் அதுக்கும் மேல. இதை மறைச்சு மாறுங்கோ எண்டு சொல்லுறது நியாயமில்லை. ஆனா கணக்கை எதோட வைச்சுப் பாக்கிறம் எண்டதில விசயம் இருக்கு. பயறைப் பருப்புக்கறியோட ஒப்பிட்டா தோத்திடும். காலமைச் சாப்பாட்டோட ஒப்பிடுங்கோ. நாலு பேர் இருக்கிற வீட்டில 300 கிராம் பயறை அவிச்சு, தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டு, கட்டச்சம்பலோட குடுத்தா ஒரு நேரச் சாப்பாடு முடிஞ்சுது, மத்தியானம் மட்டும் பசிக்காது. அதே இடத்துக்கு 450 கிராம் பாண் ரெண்டு, அதுக்கு ஒரு சம்பல், பருப்பு, பத்து மணிக்குப் பிள்ளைக்குப் பசிக்குது எண்டு ரோல்ஸ் ஒண்டு எண்டு பாத்தா வித்தியாசம் அவ்வளவு பெரிசில்லை. உளுந்தும் அப்பிடித்தான், பிள்ளை பெரியபிள்ளையான நேரம் மட்டும் உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் குடுத்துப்போட்டுப் பிறகு மறக்கிறம், கிழமைக்கு ஒருக்கா காலமை உளுத்தங்கஞ்சி வைச்சா வீட்டில எல்லாருக்கும் நல்லது.

கறிக்குப் பருப்பே வேணும் எண்டா பயத்தம்பருப்பு இருக்கு. பயறை இரும்புச் சட்டியில இளஞ்சூட்டில வறுக்கவேணும், கருகக்கூடாது, வாசம் வந்து ஒரு மணியைப் பல்லில கடிக்க டக் எண்டு உடையிற பதம். ஆறவிட்டு திருகையில ரெண்டாப் பிளந்து சுளகில கோதைப் புடைச்சு எடுத்தா மஞ்சளாப் பருப்பு வரும். திருகை இல்லாட்டி மில்லில குடுக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு கிலோ செய்து வைச்சா அந்த மாசத்துக்குக் காணும், அவிய மைசூர் பருப்பைவிடக் கொஞ்சம்தான் கூட நேரம். கௌபிக்கு இரவே ஊறவைக்கவேணும், குக்கர் இருந்தா காஸ் மிச்சம். கச்சான் எண்டா வறுத்து இடிச்சு கத்தரிக்காய்க் கறிக்குள்ள போடலாம், சம்பல் அரைக்கலாம், பூஞ்சணம் பிடிச்சதையும் கறுத்ததையும் மட்டும் பொறுக்கி எறிஞ்சுபோடுங்கோ, அது ஈரலுக்குக் கூடாது.

சோறும் பருப்பு வகையும் ஒரு நாளுக்குள்ள சேர்ந்தா ஒண்டில குறையிறதை மற்றது நிரப்பும், அதால புரதத்துக்குப் பயப்பிடத் தேவையில்லை. கல்சியத்துக்குக் குரக்கன், நூறு கிராமில 300 மில்லிகிராமுக்கு மேல. பி12 மட்டும் எந்தக் கீரையிலயும் பருப்பிலயும் இல்லை. பாலும் தயிரும் சாப்பிடுற சைவக்காரர் அயலில மாடு வளக்கிற வீட்டில பால் எடுங்கோ, பால்மாவை விடுங்கோ. முட்டை சாப்பிடுற ஆக்களுக்கு ஊர்க்கோழி முட்டை. பாலும் இல்லை முட்டையும் இல்லை எண்டு போற ஆக்கள் பி12 குளிசையைப் பற்றி டொக்டரிட்டக் கேட்டே ஆகவேணும், கை கால் விறைப்பு வாறமட்டும் பாத்துக்கொண்டிருக்கக்கூடாது.

ஒடியலைப் பற்றியும் கேப்பினம். நல்ல சாப்பாடு, எங்கட பனை, காசும் எங்கட ஆக்களுக்கு. ஒடியல் மாவைத் தண்ணியில ஊறவைச்சு, தெளிஞ்ச தண்ணியை ஊத்தி ஊத்திக் கைப்பு எடுத்த பிறகுதான் பிட்டோ கூழோ செய்யவேணும், அந்த வேலையைச் சுருக்காதேங்கோ. மீன் போடாமப் பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கை இலை போட்டுச் சைவக்கூழ் காய்ச்சலாம், புளியும் செத்தல் மிளகாயும் சரியா விழுந்தா ருசிக்குக் குறைவில்லை.

## வழி 4: ஊர்ச்சாப்பாடு, கிழமையில ரெண்டு மூண்டு நாள் மீனோட

இதைச் சைவத்துக்கு ஏலாதவையின்ர வழி எண்டு சொல்லுவினம், எனக்கு அது சரியாப் படேல்லை. வளர்ற பிள்ளையள், பிள்ளைத்தாய்ச்சி, பால் குடுக்கிற தாய், பாலோ முட்டையோ ஒத்துவராத ஆக்கள் இவைக்குக் குளத்து மீன் லேசான வழி. ஜப்பான் மீன் மலிவு, விடியப் பிடிச்சு விடியவே வீட்டு வாசலுக்கு வருது, காசு குளத்து மீனவற்ற கையில. முல்லைத்தீவுக் கடலும் நந்திக்கடலும் கிட்ட இருக்கிற வீடுகளுக்கும் அதே நியாயம்.

இன்னொரு விசயமும் இருக்கு. 2009 இல கஞ்சித் தண்ணியோட உயிரைப் பிடிச்சு வந்த சனம் இஞ்ச இருக்கிறது. அந்த வயது ஆக்களுக்கு, பேரப்பிள்ளைக்கு மீன்குழம்பு வைச்சுக் குடுக்கிறது எண்டது வீடு திரும்பின அடையாளம். அவையிட்டப் போய் இதை விடுங்கோ அதைக் குறையுங்கோ எண்டு பாடம் எடுக்கிறது அறமில்லை. கோப்பையில கீரையையும் பயறையும் கூட்டிக்கொண்டு போங்கோ, மீன் தன்பாட்டில கரைக்குப் போம்.

மறைஞ்ச செலவு: மீன் நாளை நம்பி மற்ற நாளும் மச்சம் வந்து சேர்றது. மீன் இல்லாட்டி கருவாடு, கருவாடு இல்லாட்டி புறொயிலர் கோழி எண்டு. கருவாட்டில உப்புக் கூட. புறொயிலர் கோழி ஊர்ப்பண்ணையில வளந்தாலும் அது தின்னுற தீனியில கனக்க வெளியால வாறது. வாங்கேக்க விரல் நீளக் குஞ்சு மீனையும் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையில பட்டதையும் வாங்காதேங்கோ, அந்த வலை தடை செய்தது, குளத்தில நாளைக்கு மீன் வேணும்.

## ஒரே பார்வையில

| | கடைச்சைவம் | வளவுச்சைவம் | ஊரில வாங்கிற சைவம் | ஊரும் மீனும் |
|---|---|---|---|---|
| மாசச் செலவு | குறைவு, ஆனா விலை ஏறி இறங்கும் | தொடங்கேக்க வேலிக்குக் கூட, பிறகு குறைவு | பருப்பு வகைக்குக் கூட, மரக்கறிக்குக் குறைவு | நடுத்தரம் |
| சமையல் நேரம் | சரியான குறைவு | கூட, தோட்ட வேலை வேற | முதல்நாள் ஊறவைக்கிற யோசினை வேணும் | மீன் வெட்டுற நேரம் |
| புரதம் | காணும் | தனிய நம்பினாக் காணாது | காணும் | காணும் |
| பி12 | பால், முட்டை, இல்லாட்டிக் குளிசை | அதே | அதே | மீனில கிடைக்கும் |
| ஆடி, ஆவணியில | மாற்றமில்லை | மரக்கறி விழும் | காய்ஞ்ச பருப்பும் பூசணியும் கைகொடுக்கும் | குளம் வத்தினா மீனும் குறையும் |
| காசு போற இடம் | தம்புள்ளை, கப்பல் | வீட்டுக்குள்ள | ஊர்க் கமக்காரர், மில்லு | கமக்காரர், மீனவர் |

## உங்கட வீட்டுக்கு எது

கொலஸ்ரோல், சீனி எண்டு வாற ஆக்களுக்கு மூண்டாவது வழி, அதோட சோத்தின்ர அளவையும் பாக்கவேணும், தவிட்டரிசி எண்டாலும் அளவில்லாமச் சாப்பிட்டா சீனி ஏறும். மாட்டிறைச்சி அடிக்கடி சாப்பிடுற வீடு சூழலுக்காக மாறுது எண்டா முதல்ல அதைக் குறையுங்கோ, ஊரா கடையா எண்ட கேள்வி பிறகு வரட்டும். விரதத்துக்காக மாறுற ஆக்கள் கந்தசஷ்டி மாதிரி ஒரு காலத்தோட தொடங்கிறது நல்லது, வீட்டில எல்லாரும் ஒரே சமையலுக்கு வாற நேரம் அது, ரெண்டு சட்டி வைக்கத் தேவையில்லை. நீட்டிப் பிடிக்கேக்க பயறை மறக்காதேங்கோ.

சிறுநீரக வருத்தக்காரருக்கு நான் சொன்னது ஒண்டும் அப்பிடியே பொருந்தாது. வவுனியாவிலயும் முல்லைத்தீவிலயும் காரணம் தெளிவில்லாத அந்த வருத்தத்தோட கனபேர் இருக்கினம். அவைக்குப் பருப்பும் கீரையும் வாழைக்காயும் அளவு மீறினா கூடாத நிலையும் இருக்கு, கிளினிக்கில இருக்கிற டொக்டரும் ஊட்டச்சத்து உத்தியோகத்தரும் ரத்தப் பரிசோதனையைப் பாத்துச் சொல்லுற அளவுதான் கணக்கு.

மிச்ச வீடுகள் மூண்டையும் நாலையும் கலந்து தொடங்கலாம். முதல் மாசம் காலமைப் பாணை கிழமைக்கு ரெண்டு நாள் பயறாவோ கௌபியாவோ மாத்துங்கோ, மிச்சத்தில கை வைக்கவேண்டாம். பிள்ளையள் பழகினாப் பிறகு மத்தியானப் பருப்புக்கறியில பாதியைப் பயத்தம்பருப்பாக்குங்கோ, அதுக்குப் பிறகு மீன் நாள் எத்தினை எண்டு வீட்டில இருந்து கதைக்கலாம்.

வாங்கிறதுக்குச் சரியான காலம் மாசியில இருந்து சித்திரை மட்டும். உளுந்தும் பயறும் பிடுங்கி அடிச்ச கையோட கமக்காரரிட்ட நேர வாங்கினா கடை விலையைவிடக் குறைவு, அவருக்கும் யாவாரி குடுக்கிறதைவிடக் கூட. நாலஞ்சு வீடு சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பிரிச்சா இன்னும் சுகம். கொண்டு வந்து ரெண்டு மூண்டு நாள் நல்ல வெயிலில காயவைச்சு, ஆறவிட்டு, ஈரமில்லாத போத்தலிலயோ வாளியிலயோ காய்ஞ்ச வேப்பிலை போட்டு இறுக்கி மூடுங்கோ. மாசத்துக்கு ஒருக்காத் திறந்து பாருங்கோ, வண்டு பிடிக்கத் தொடங்கினா உடன திரும்ப வெயிலில போட்டுப் புடைச்சு எடுத்து, அந்தப் பகுதியை முதல்ல சமைச்சு முடியுங்கோ.